வாயில் போட்டுப் பார்த்த பழம்

அந்த அம்மாவின் சிரிப்பை நான் இன்னமும் நம்புவதில்லை. சுருளிப்பட்டிக்குப் போகும் சாலையில், தோட்டத்து வாசலிலேயே அவரும் கணவரும் பன்னீர் திராட்சை விற்கிறார்கள். எடை போட்டுக் காசு வாங்குவது கணவர். குலையைப் பார்த்து எடுப்பது அவர். ஒல்லியான உடம்பு, வெயிலுக்குத் தலையில் சுற்றிய துண்டு. ஒவ்வொரு குலையிலும் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பையில் வைப்பார்.

ஒருநாள் என் கண்முன்னே கணவர் அவர்மேல் எரிந்து விழுந்தார். "எருமை கணக்கா நிக்கிறியே, வெரசா எடுத்துப் போடத் தெரியாது?"

அந்த அம்மாவின் முகம் கோணவில்லை. சிரித்தபடியே ஒரு பழத்தை மென்றுவிட்டுக் குலையைப் பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து தின்றால் அத்தனையும் புளிப்பு. ருசி பார்த்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்த வாரம், கணவர் தோட்டத்துக்குள் போன நேரம் பார்த்துக் கேட்டேன். "அக்கா, போன வாரம் குடுத்தது ஒரே புளிப்பு."

"பழம் அவுகளுது. அவுககிட்டயே சொல்லுங்க சார்" என்றார் அதே சிரிப்போடு. பிறகு ஒரு பழத்தைக் கிள்ளிச் சுவைத்துக் குலையைப் பையில் வைத்தார். "இன்னைக்குத் தைரியமா வாங்கிட்டுப் போங்க. காலையிலருந்து அவுக நல்லாத்தான் பேசுறாக."

பழம் தேனாக இனித்தது. ஆனால் அன்று மாலை என் மனைவி சிரித்துக்கொண்டே காபியை நீட்டியபோது, டம்ளரை வாங்காமல், காலையில் நான் என்ன பேசினேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.