என் பேத்தி வரைந்த சுவிட்சு

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஐந்து பேரை. நாலு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தன் என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போனவன். ஐந்து பேருக்கும் ஒரே சட்டியில் ஆக்கிப் போட்டேன். அந்த ஐந்தாமவனுடைய மகள்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல லேப்டாப்பில் தட்டுகிறாள். எனக்கும் எழுதத் தெரியும். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கற்றுக்கொண்டது. எங்கள் மகளிர் குழுவில் இந்த வயசில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். அதனால் அவள் தட்டட்டும்.

அவள் கீழே போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவள். இங்கே இருந்தபடியே வேலை செய்யவேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அப்பன் ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் குழுத் தலைவி அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். யார் வீட்டில் சாமை இருக்கிறது, யார் வீட்டில் புளி இருக்கிறது என்று பெண்கள் அவரவர் போனிலேயே குறிக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து தர முடியுமா என்று. ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூரிலிருந்து வண்டி வரும். குறித்த வீட்டில் மட்டும் நின்று மூட்டை ஏற்றிக்கொண்டு போகும். பக்கம் சரியாக வந்தால் அதைப் பார்த்துக்கொள்கிற வேலை இவளுக்கு. வராவிட்டால் செருப்புக் கம்பெனி.

முதலில் அவள் செய்ததில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே, தொட்டால் டிக் விழுகிற ஒரு சின்னக் கட்டம் இருந்தது. சாமை அரிசி அளவுதான் இருக்கும். எங்கள் கட்டைவிரல் பட்டால் மேல் கட்டம், கீழ்க் கட்டம் எல்லாம் சேர்ந்து மறைந்துவிடும். அது அவளுக்கும் பிடிக்கவில்லை. கட்டம் போடு என்று சொன்னால் ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டம் போடுமாம். 'உன் வேஷம் வேணாம்' என்று ஒரு வரி எழுதினால் அது போட்டதை எடுத்துவிடுமாம். அப்புறம் அகலம், ஓரம், நிறம் எல்லாம் நம் கையில். இதற்கு சிஎஸ்எஸ் என்று பேர் சொன்னாள். சுவர் அதேதான், பூச்சு மட்டும் நம்முடையது என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்படிப் பூசிப் பூசி ஒரு சுவிட்சு வரைந்தாள். தொட்டால் அதற்குள் ஒரு வெள்ளை உருண்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். சரக்கு இல்லை என்றால் சிவப்பு, இருந்தால் தொட்டுப் பச்சையாக்க வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"எழுத்து எங்கடி?" என்று கேட்டேன்.

"வேணாம் ஆயா. பாதி பேருக்குப் படிக்க வராது. படமும் கலரும் போதும்."

"எனக்கு வரும்."

"நீ ஒருத்திதான ஆயா."

"ஒருத்தின்னா ஆளு இல்லியா?"

சிரித்துவிட்டாள். நான் அன்று சாப்பிடுகிற வரைக்கும் அவளோடு பேசவில்லை.

முதல் ஞாயிறு வண்டி வந்து போன கையோடு, மேல்வீட்டுக்காரி முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி வந்தாள்.

"அக்கா, உம் பேத்தி கீறாளா வூட்டுல? வெளிய வரச் சொல்லு. மூட்டைய ரோட்டுக்குத் தூக்கியாந்து தார்ப்பாய் போட்டு மூடி நிக்கறேன். வண்டிக்காரன் எனக்குக் கைய ஆட்டிட்டுப் போறான். அவனுக்கு டாட்டா காட்டவா நான் நின்னேன்? அந்தாண்ட கிழவி வூட்டு எதிர்க்கப் போயி ஆரன் அடிக்கிறான். அங்க இன்னா கீது? ரெண்டு கோழியும் ஒரு கிழவியும்!"

பேத்தி போனை எடுத்துப் பார்த்தாள். "பெரீம்மா, நீங்க 'இல்ல'ன்னு அனுப்பியிருக்கீங்களே."

"எம் மூட்டைய நானே இல்லன்னு சொல்லுவனா? நல்லா கீதுடி உன் படிப்பு."

இவள் மட்டும் இல்லை, இன்னும் பல வீட்டில் இதே கதை. தலைவி கோபப்படவில்லை. "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் கண்ணு. அப்பவும் இப்படின்னா பழையபடி நானே எல்லாருக்கும் போன் போட்டுக்கறேன்" என்றாள். பேத்தியின் அப்பனும் அன்றைக்கே கூப்பிட்டு, அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டும் என்றான். பேத்தி எழுதினதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. தொட்டால் பச்சை, மறுபடி தொட்டால் சிவப்பு. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கும் காரணம் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்கு அவளே குறித்துவிடுவாள், நான் தொட்டதே இல்லை.

வாரத்தின் நடுவில் மேல்வீட்டுக்காரியை அவளே போய் அழைத்துவந்தாள். பாயைப் போட்டு உட்காரவைத்து, போனைக் கையில் கொடுத்தாள்.

"பெரீம்மா, சாமை இருக்குன்னு எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க. நான் பேசமாட்டேன்."

மேல்வீட்டுக்காரி விரலை முந்தானையில் துடைத்தாள். பக்கத்தைப் பார்த்தாள். கீழே அனுப்புகிற பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சுவிட்ச நீங்க தொடவே இல்லியே?"

"எதுக்குத் தொடணும்? எரிஞ்சினுதான கீது."

"எது எரியுது?"

"செவப்புதான்டி. எரியறதத் தொட்டா அணைஞ்சிடாதா? உங்கூட்டுல இன்னா வேற மாதிரியா?" என்று மோவாயால் சுவரைக் காட்டினாள்.

சுவரில் சுவிட்சுப் பலகை. அதில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் கரண்டு வந்து வந்து போகும். காற்றில் ஒரு கிளை முறிந்தால் போதும். வயலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். சிவப்பு எரிந்தால் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. சாமை இருக்கிறவர்கள் எல்லாரும் சிவப்பைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோழிக்காரக் கிழவி நேர்மையானவள். தன்னிடம் ஒன்றுமில்லையே என்று சிவப்பை அக்கறையாக அணைத்துவிட்டு அனுப்பியிருக்கிறாள். அணைந்தது பச்சையாகிவிட்டது.

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை.

"கலர மாத்திப் போட்டுடேன்" என்றேன்.

"மாத்தினா காலேஜ் படிக்கிற பொண்ணுங்க தப்பா எடுத்துக்கும் ஆயா. சில வூட்ல அதுங்கதான் போடுது. அதுங்களுக்குச் சிவப்புன்னா வேணாம்னு அர்த்தம்."

எழுத்துத் தெரிந்தவள் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன். இனிமேலும் அப்படித்தான் நடப்பேன். ஆனால் அன்றைக்கு ஒன்று தோன்றியது. படிக்கத் தெரியாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்தவர்களும் நாள் பூராவும் எதையாவது படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேகத்தை, மாட்டின் வயிற்றை, சுவரிலிருக்கிற விளக்கை. கூடப் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இவள் அந்தச் சுவிட்சை வரைந்தாள். மேல்வீட்டுக்காரி தன் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டு அதைப் படித்தாள். இரண்டு பேரும் தப்பில்லை.

பேத்தி சுவிட்சையே எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரு காலிச் சாக்கு, மடிந்து கிடக்கிற மாதிரி வரைந்தாள். அந்த வரிசையில் விரல் எங்கே பட்டாலும் போதும், சாக்கு நிரம்பி, வாய் கட்டி, நிமிர்ந்து நிற்கும். மறுபடி தொட்டால் மடிந்துவிடும். உள்ளே இருப்பது பழைய கட்டமேதானாம், பூச்சுதான் மாறியதாம். நிமிர்ந்த மூட்டைக்குக் கீழே 'இருக்கு' என்று பெரிதாக எழுத்தும் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

"ஒருத்திக்காகப் போட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி மேல்வீட்டின் முன்னால் நின்றது. கிழவி வீட்டைத் தாண்டிப் போயிற்று. சாயங்காலம் தலைவி கூப்பிட்டு, "பக்கம் இருக்கட்டும், நீயே பாத்துக்கோ" என்றாள்.

பேத்தியின் அப்பனிடம் போனில் நான்தான் பேசினேன். அவன், "அங்கியே குந்திக்கினு இன்னாம்மா பண்ணுவா?" என்றான்.

"மூட்ட வரைவா" என்றேன்.

அவனுக்கு அது போதவில்லை, தெரியும். எத்தனை வருஷத்துக்கு இந்த வேலை நிற்கும் என்று எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை கீழே போகிற பஸ் அவள் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான் தெரியும்.

சரி கண்ணு, போதும். இப்ப முதல்லருந்து படி, கேக்கறேன். உன்னப் பத்திச் சொன்னதுல வெக்கப்பட்டு எதயாவது விட்டுட்டியான்னு நான் பாக்கணும்.