படத்தில் தெரிந்த வாய்க்கால்

புவியியல் ஆசிரியரான என் கணவர், உறையூரை விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பழைய வரைபடத்தின் அருகே விரித்தபோது எழுந்த, படம் கழுவிய மருந்தின் புளித்த வாடையில், நெசவாளர்கள் சாய நூல் அலசிய, ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் எங்கள் முழங்காலை உரசிப்போன அந்தச் சின்ன வாய்க்கால் எனக்குள் சலசலத்தது.

படத்தில், நாங்கள் வீடு கட்டப் பார்த்திருந்த மனையில் ஒரு கறுப்புத் தடம். "இது அந்த வாய்க்கால்தாங்க," என்றேன்.

"வண்டிப்பாதை. மேப்ல வாய்க்கால் இல்லையே," என்றார்.

படித்தவர் சொல்கிறார், சிறுவயது நினைவை நம்பலாமா? ஆனால் மழையில் தண்ணீர் பழைய வழிக்கே திரும்பினால், கைக்குழந்தையோடு எங்கே போவேன்?

"நான் அதுல குளிச்சிருக்கேங்க."

"கனவு கண்டிருப்பே."

"கனவுல குளிச்சா பாவாடை சிவக்குமாங்க? அதுக்கு அம்மாகிட்ட அடியும் வாங்கியிருக்கேன்."

சிரித்தபடி படத்தை மூடிவிட்டு, பென்சிலை நீட்டினார். வரைபடத்தில் வாய்க்கால் வளைந்த வழியைத் தயங்கித் தயங்கிப் போட்டேன். படத்தைத் திறந்து ஒப்பிட்டார்; என் கோடும் கறுப்புத் தடமும் ஒரே மாதிரி வளைந்தன.

"வேற மனை பார்ப்போம்," என்றார்.