மேட்டுப் பள்ளியும் ஆற்றோரப் பள்ளியும்

வெர்லீன் மேப்ரி ஊசி குத்தினால் வலிக்காது என்று பெல்டன் ஊரில் பெயர். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. வெள்ளைக்காரக் கிழவர்கள்கூட கறுப்புப் பெண்ணான அவளைத்தான் கேட்டு வருவார்கள். கையை நீட்டும் அந்த ஜனங்கள், பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைக்க மட்டும் ஒப்பவில்லை.

ஊரில் இரண்டு பள்ளிகள். மேட்டில் இருந்தது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, ஆற்றோரத்தில் இருந்தது கறுப்புப் பிள்ளைகளுக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பிரிக்கும் எல்லைக்கோடு அப்படிப் போனது. மேட்டில் ஆறாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா. ஆற்றோரத்தில் கணக்கு வாத்தியாரே நிலையாக இல்லை. வெர்லீனின் மகள் இமானி கணக்கில் சூரப்புலி. அவளுக்காகத்தான் வெர்லீன் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளிக் குழுவின் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தாள்.

அங்கேதான் மெரிடித் கோல் பழக்கமானாள். மேட்டுக்காரி, வெள்ளைக்காரி. "எனக்குக் கிடைச்சதெல்லாம் என் சாமர்த்தியம்னு நெனச்சுட்டிருந்தேன், வெர்லீன். என் தோலுக்குக் கெடச்சதுன்னு இப்பதான் உறைக்குது" என்றாள் ஒருநாள். இப்படி வாய்விட்டுச் சொன்ன வெள்ளைக்காரியை வெர்லீன் அதற்குமுன் பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்துதான் அந்தத் திட்டத்தை உருவாக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் முதல் மூன்று வகுப்பை ஆற்றோரத்தில் படிப்பது, அடுத்த மூன்றை மேட்டில் படிப்பது. ரெண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

"உன் தோழி நல்லவதான்டி. அவ புள்ள ஆத்தோரம் வர்ற அன்னைக்குப் பாப்போம்" என்று அக்கா லொரெட்டா குத்தலாகச் சொல்வாள்.

"உனக்கு யாரைத்தான் புடிச்சிருக்கு?" என்று வெர்லீன் எரிந்து விழுவாள்.

ஒருமுறை இமானி மேட்டுப் பள்ளியில் கணக்குப் போட்டிக்குப் போனாள். மூன்று பெண்கள் அவள் தலைமுடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அதை வெர்லீன் மெரிடித்திடம் மட்டும் சொன்னாள். சமையலறையில், கையைப் பிடித்துக்கொண்டு மெரிடித்தும் அழுதாள்.

பள்ளிக் குழு வாக்கெடுக்கும் நாள் வந்தது. அன்று மதியம்கூட மெரிடித் போன் பண்ணி, "உனக்கு எடம் போட்டு வெக்கிறேன்" என்றாள். கூட்டத்தில் எழுந்து மைக் முன்னால் போனாள். வெர்லீன் கைதட்டத் தயாரானாள்.

"திட்டம் நல்லதுதான். ஆனா நாம இன்னும் தயாரா இல்ல" என்றாள் மெரிடித். "எனக்குத் தெரிஞ்ச ஒரு கறுப்புப் பொண்ணு நம்ம பள்ளிக்கு வந்து தலைமுடியால அவமானப்பட்டா. அந்தப் பிள்ளைங்க நலனுக்காகவே கொஞ்சம் பொறுக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இமானி தாயைத் திரும்பிப் பார்த்தாள். திட்டம் ஒரு வாக்கில் தோற்றது.

வெளியே கார்கள் பக்கம் மெரிடித் ஓடிவந்தாள். "என் ஓவன் ரொம்பச் சின்னவன், வெர்லீன். அடுத்த வருஷம் ஒண்ணாம் கிளாஸ். ஒரு தாயா நீ புரிஞ்சுக்கணும்." கண்ணில் தாரைதாரையாக நீர்.

"உன் புள்ளைக்காகப் பயப்படறேன்னு மைக்ல சொல்லியிருக்கலாமே? என் புள்ள அழுகைய எதுக்கு எடுத்த?"

"நான் பேரு சொல்லலியே..."

"ஆத்தோரத்துலருந்து வேற யாரு போனா அந்தப் போட்டிக்கு? அழாத, மெரிடித். உன்னத் தேத்த எனக்குத் தெம்பில்ல."

வீட்டில் இமானியிடம் மன்னிப்புக் கேட்டாள் வெர்லீன். "ஏம்மா சொன்ன?" என்றாள் இமானி. லொரெட்டா வந்து குத்திக் காட்டாமல் மீன் வறுத்து வைத்துவிட்டுப் போனதுதான் வெர்லீனை உடைத்தது.

மறு தேர்தலில் வெர்லீன் பள்ளிக் குழுவுக்கு நின்றாள். தனியாகவே மேட்டு வீடுகளின் கதவையும் தட்டினாள். ஜெயித்தாள். அதற்கப்புறமும் இழுபறிதான். திட்டம் நிறைவேறியபோது இமானி உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தாள். விட்டுப்போன கணக்கையெல்லாம் கோடை விடுமுறைகளில் இன்னொரு ஊருக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி திறந்த அன்று, மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஓவன் கோலும் ஆற்றோரம் வந்தான். வெர்லீன் அவனுக்கு வகுப்பறையைக் காட்டி, "உள்ள போ கண்ணு" என்றாள். வாசலில் நின்ற மெரிடித், "ஒருநாள் காபி சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூட விஷயம்னா கூட்டத்துக்கு வா" என்றாள் வெர்லீன். அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.