அக்கா கேட்ட சர்வகலாசாலை

அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் அவருடைய பெருமைகளைப் படிக்க விரும்புவீர்கள். எனக்கோ, என் தவறு ஒன்றையும் சொல்லாமல் இதை எழுதி முடிக்க இயலவில்லை.

அக்கா ஜோகூர் மாநிலப் பொந்தியானில் பிறந்தார். நான் தவழும் வயதில் அம்மா காலமானதால் என்னை வளர்த்தவரும் அவரே. செடெனாக் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிக்கு வாழ்க்கைப்பட்டார். ஐந்தே ஆண்டுகளில் அத்தானை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதன்பின் அக்கா ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் அவருக்குப் போதவில்லை.

"பாட்டு, மேளம், கூத்து, சித்திரம் எல்லாத்துக்கும் ஒரு சர்வகலாசாலை வேணும்டா. யாரு வேணும்னாலும் வந்து படிக்கணும்."

"எழுதப் படிக்கவே இங்க ஒழுங்கா பள்ளிக்கூடம் இல்ல, நீ வேற" என்று சிரித்தேன்.

சிரித்த நானே மனுவும் எழுதிக்கொடுத்தேன். அக்கா தோட்டம் தோட்டமாக நடந்து கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தம்போய் ஊரில் நான் எழுத்தராக இருந்த கடையின் முதலாளி, நிலமும் கட்டடமும் தருவதாகச் சொல்லி எங்களை அழைத்தார்.

"பறை மட்டும் வேண்டாம்மா. லயத்துப் பிள்ளைங்களும் தனியா ஒக்காரட்டும்" என்றார்.

"மனுவுல பொதுன்னு எழுதிட்டு எப்படிங்கய்யா தனியா ஒக்கார வைக்கிறது?"

நான் குறுக்கிட்டேன். "இப்போ ஒத்துக்கலாம்க்கா. பெறகு மாத்திக்கலாம்."

"பெறகு யாரு மாத்துவா? நீயா?"

மனுவைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். முதலாளி முன் தலைகுனிந்த கோபத்தில் மூன்று மாதம் நான் செடெனாக் பக்கமே போகவில்லை.

அதற்குள் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பெரியவர் ஒருவர், "கோசோங்லா, பாக்காய்", அதாவது காலிதான், பயன்படுத்திக்கொள் என்று, சும்மா கிடந்த தம் கொட்டகையைக் கொடுத்திருந்தார். நான் போன அன்று ஜோகூர் பாருவிலிருந்து பிடில் வாத்தியாரும் முதன்முறையாக வந்திருந்தார். அங்கே பறை கற்பித்துவந்த ஆசான் அமர்ந்திருந்த பாயைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கய்யா. பாய் பெருசுதான்" என்றார் அக்கா.

பிடில் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கொட்டகை போதாது, அரசாங்கமே சர்வகலாசாலை நடத்த வேண்டும் என்று இன்னொரு மனுவை அக்கா என்னிடம் தந்தார். கையெழுத்துகளுக்கு முதலில் என் பெயர் இருந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து அதைக் கொடுக்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் படுத்தார். படுக்கையிலும் கைகால் ஓயவில்லை.

"மனு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்க்கா."

"என்ன சொன்னாங்க?"

"பாத்துட்டு சொல்றோம்னாங்க."

அப்போதுதான் கைகளை மார்பில் வைத்துக் கண்ணை மூடினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் அரசாங்க அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். பயந்தபடியே வேலையும் போயிற்று.

இரவுபகல் பாராமல் மருந்து கொடுத்த தோட்டத்து டிரெஸருக்கும், கொட்டகை தந்த பெரியவருக்கும், பாடை சுமந்த இரு வாத்தியார்களுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த லயத்துத் தாய்மாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. வாரந்தோறும் அலுவலகப் படியேறிக் கேட்டுவருகிறேன். நாளையும் போகிறேன்.