ஐந்து மணிக்குக் குறையும் வேகம்

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இது நாலாவது வருஷம். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டார் தங்கள் பெரியவரைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குச் சொந்தம். அப்போது இங்கே மாலை ஐந்து மணி.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஒரு பள்ளத்தில் இருக்கின்றன. வீட்டுக் காம்பராவுக்குள் சிக்னல் வராது. பீலியடியில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் போய் நின்றால்தான் போனில் படம் வரும். ஐந்து மணிக்கு அங்கே குடமும் துணி மூட்டையுமாகப் பத்துப் பேராவது நிற்பார்கள்.

"வந்துட்டாரு குவைத்து மாப்பிள்ளை. வழி விடுங்க, வழி விடுங்க."

"அவரு என்னா பேசுறாருன்னு கேக்கலாம்னு நானும் மூணு வாரமா குடத்த நிறைக்காம நிக்கிறேன். வாயத் தொறந்தாத்தானே!"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத்தான் கூச்சம். தனியாக இருந்தாலே எனக்குப் பேச்சு வராது, அங்கே எப்படி வரும்? "ம்" என்பேன். "சாப்பிட்டேன்" என்பேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நடுவில் படம் உறைந்துவிடும். "ஹலோ, இருக்கீங்களா? லைன் போயிருச்சா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். லைன் போனதா, நான் பேசாமல் இருக்கிறேனா என்று அங்கிருந்து அவளுக்குத் தெரியாது. முகம் தெரிந்தால் தெரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டவள். படம் இல்லாவிட்டால் அவளைப் பொறுத்தவரை நான் அங்கே இல்லை.

அதனால்தான் ஹட்டனில் ஒரு கடையில், டவர் சிக்னலை அன்டனாவில் பிடித்து வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும் சின்ன ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். கடைக்காரர் என்னைவிட வயதில் சிறியவர்.

"அண்ணே, இது சின்ன சாமான். ஃபேன் கெடையாது. போன் சார்ஜர்லயே ஓடும். ஊருக்கே குடுக்கலாம்னு நெனைக்காதீங்க. ஒரு வீடு, ஒரு வீடியோ கோல், அதுக்குத் தாராளம்."

"அது போதும்" என்றேன்.

கூரைக்கு மேலே மூங்கிலில் அன்டனாவைக் கட்டி வயரைக் குசினிக்குள் இறக்கினேன். ரவுட்டரை அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஈரம் படக்கூடாத எதுவும் அந்தத் தட்டுக்குத்தான் போகும். உப்பு, நெருப்புப் பெட்டி, பிறப்புச் சான்றிதழ்கள், மகள் படித்த காலத்தில் அவளுடைய புத்தகப் பை. மழைக் காலத்தில் சுவரே வியர்க்கிற இடத்தில், காசு கொடுத்து வாங்கிய பொருளை வேறு எங்கே வைப்பது? எனக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. கை தானாக அங்கே போனது.

முதல் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம் படம் கண்ணாடி போல இருந்தது. பிறகு உறைந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே. இரண்டு தடவையும் நான் வேலை விட்டு வந்து, அடுப்பை மூட்டி, சுடுதண்ணீரில் முகம் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவை அவள் குரல் மட்டும் வந்தது. "படம் வேணாங்க இனிமே. நான் வொய்ஸ் மெசேஜ் போடுறேன். நீங்களும் போடுங்க. நேரம் கெடச்சப்ப கேட்டுக்கிறேன்."

ஆளில்லாமல் ஒரு கருவியிடம் பேசி அனுப்ப என்னால் முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறாள் என்றால் அவ்வளவு அலுத்துப்போய்விட்டாள்.

"ஒரு வாரம் பொறு. சரி பண்றேன்" என்றேன்.

"வர்ற வெள்ளி ஒண்ணுதான். அதுக்கப்புறம் நான் அந்த நேரத்துல படுத்துத் தூங்குவேன். இடுப்பு ஒடியுதுங்க எனக்கு."

மறுநாள் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். டவர் சரியில்லையா, பெட்டி சரியில்லையா என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொன்னார். மகள் கல்யாணமாகி உடப்புசல்லாவைக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதை வயரில் ரவுட்டரோடு மாட்ட வேண்டும். போன் வைஃபையில் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ரவுட்டர் வழியாக வேகமாக எதையாவது அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு இலவச மென்பொருளும் சொல்லித் தந்தார். இதில் டவருக்கு வேலையே இல்லை.

"அந்த அளக்குற சாஃப்ட்வேர ரவுட்டருக்குள்ளயே போட்டுறாதீங்க அண்ணே. பாவம், அது சொமக்குமா, நிறுக்குமா?"

அது எனக்கு உடனே விளங்கியது. கொழுந்து சுமந்து வருகிறவரையே தராசையும் பிடிக்கச் சொல்ல முடியாதல்லவா.

காலையில் எழுந்ததும், அடுப்புக்கூட மூட்டாமல், வேலைக்குப் போகும் முன் முதல் சோதனை. ஒவ்வொரு வினாடிக்கும் திரையில் ஒரு வரி விழுந்தது. நாற்பத்திரண்டு மெகாபிட், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மாலையில் திரும்பி வந்து அடுப்பை மூட்டிவிட்டு அதையே செய்தேன். நாற்பதில் தொடங்கி முப்பது, இருபது, பதினொன்று என்று இறங்கி ஏழில் நின்றது. ஆக, டவர்மேல் பழி போட முடியாது. குற்றம் வீட்டுக்குள்தான்.

ஆனால் மாலையில் மட்டும் ஏன்? எல்லாரும் டீவி போடுவதால் கரண்ட் குறைகிறதோ என்று சார்ஜரை மாற்றினேன். வயரை மாற்றினேன். புதன்கிழமைவரை காலையும் மாலையும் அளந்தேன். போன் கேட்கும், லேப்டாப் அனுப்பும். அந்த வாரம் முழுக்க என் வீட்டில் நடந்த பேச்சு அவை இரண்டுக்கும் இடையில்தான். நான் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழுக்கு இறங்கியதும் இரண்டையும் மூடிவிட்டு ரொட்டி சுடுவேன்.

வியாழக்கிழமை மாலை பக்கத்துக் காம்பரா அக்கா கொஞ்சம் உப்புக் கேட்டு வந்தார்.

"என்னா தம்பி, இந்த வயசுல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

"இல்லக்கா. வேகம் பாக்குறேன்."

"யாரு வேகத்த?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் அடுப்புப் புகைக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது என்னா, கருவாடா? நல்லா பொகையில காயப் போட்டிருக்கீங்க."

"ரவுட்டர்க்கா."

"அட கடவுளே. அதுக்குக் குளிரும்னு வச்சீங்களாக்கும்! ஒரு கம்பளியும் போத்தி விடுங்க தம்பி." சிரித்துக்கொண்டே அவரே உப்பை எடுத்துக்கொண்டு போனார்.

நான் எழுந்து கையை நீட்டி அதைத் தொட்டேன். வைத்த வேகத்தில் விரலை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. தேயிலை பேக்டரியில் இருபது வருஷமாக உருட்டு இயந்திரங்களோடு இருக்கிறேன். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலே முதலில் கையை வைத்துப் பார்க்கிறவன். இந்தப் பெட்டியை ஒரு வாரமாக எண்ணால் மட்டும் பார்த்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் சின்ன மூளை, எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அவள் முன்னால் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நான் மூட்டிய அடுப்புதான் இரண்டு வெள்ளிக்கிழமையும் அவளைத் துரத்தியது.

வயரை இழுத்து, முன் அறையில் உடைந்த கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், குளிர்காற்று படுகிற இடத்தில் அதை ஆணியில் தொங்கவிட்டேன். அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைத்துவிட்டு அளந்தேன். நாற்பத்தொன்று. கால் மணி நேரம் ஓடவிட்டும் நாற்பத்தொன்றுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா வீட்டில் டீவி சத்தம் கேட்டது. போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தாள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷமும் போனது. படம் நிற்கவில்லை.

"சரியாப் போச்சா?"

"ம்."

"என்னா கோளாறாம்?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அடுப்பு, தட்டு, சூடு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "எடம் மாத்தினேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் பேசவில்லை. அவளும் லைன் போய்விட்டதா என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெலிஞ்சிட்டீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முழங்கால்மேல் கையை வைத்து, கைமேல் தலையைச் சாய்த்தாள். கண் மூடிவிட்டது.

முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. பீலியடியில் நின்று பார்த்த படங்களில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் மூச்சு விடும் சத்தம் கூடத் தெளிவாக வந்தது. எழுப்பினால் பேசலாம். பேச என்னிடம் என்ன இருக்கிறது? தூங்கட்டும் என்று அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணியாகப் போனபோது வேறு வழியில்லை.

"ஏ புள்ள. எந்திரி. அவங்க வர்ற நேரம்."

பதறி எழுந்தாள். "தூங்கிட்டேனா? எழுப்பியிருக்கக் கூடாதா நீங்க? ஒண்ணுமே பேசலையே."

"பரவால்ல."

"அடுத்த வெள்ளி தூங்க மாட்டேன்" என்றாள். கையில் அழுந்திய கன்னத்தில் வளையலின் தடம் அரைவட்டமாகச் சிவந்து கிடந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே போனை எடுக்கக் கையை நீட்டினாள். படம் இருண்டது.