சைத் உயிரோடு இருக்கிறார்

ஒவ்வொரு ஜனவரியிலும் பிரான்சின் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து அந்த உறை வரும். உள்ளே ஒரே கேள்விதான்: சைத் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? மோஹா அதை எடுத்துக்கொண்டு ஊர் அதிகாரியான முகத்தமிடம் போவார்.

"இன்னும் சாகலையா நீ?" என்பார் கிழ முகத்தம்.

"நீ முத்திரை குத்துற வரைக்கும் சாவே கிட்ட வரமாட்டேங்குது" என்பார் மோஹா, இருமிக்கொண்டே.

காகிதத்தில் மோஹாதான் சைத். ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியாளிடம் யாரும் சொன்னதில்லை.

ஐம்பது வருடங்களுக்கு முன் பிரான்சின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்க எங்கள் ஊருக்கு வந்த பிரெஞ்சுக்காரன், வரிசையில் நின்றவர்களின் மார்பில் முத்திரை வைத்தான். அண்ணன் சைத்துக்குப் பச்சை; போகலாம். எலும்பும் தோலுமாக நின்ற தம்பி மோஹாவுக்குச் சிவப்பு. பஸ் வந்த அன்று அண்ணனுக்குக் கால் நடுங்கிவிட்டது. "நீ போடா" என்று தன் காகிதத்தைத் தம்பி பையில் செருகினார். இருவருக்கும் ஒரே முகஜாடை. போனவர் சைத் ஆனார். ஊரிலேயே இருந்தவர் மோஹா என்று அடையாள அட்டை எடுத்துக்கொண்டார். ஊர் மட்டும் பழைய பெயரில் கூப்பிட்டது.

இருபத்திரண்டு வருடம் சுரங்கம். நுரையீரலில் கரித்தூளோடு திரும்பியவரின் ஓய்வூதியத்தில்தான் அண்ணன், தம்பி இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறோ ஏழோ என்று வானொலி சொல்லும். எங்கள் தெருவில் நூற்றுக்கு எண்பது இருக்கும்.

இந்த வருடம் உறை வந்த வாரமே அண்ணன் சைத் இறந்துவிட்டார். கிழ முகத்தம் ஓய்வு பெற்றிருந்தார். புதியவர் வெளியூர், வந்து மூன்று வாரம்தான். அடக்கம் முடிந்து முற்றத்தில் டீ குடித்துக்கொண்டே நோட்டைத் திறந்தார்.

"செத்தவர் பேரு?"

சைத் என்று ஒருவர் சொன்னால் போதும், பிரான்சுக்குத் தகவல் போய்விடும். அடுத்த மாதம் பணம் வராது. எதிரில் உட்கார்ந்திருந்த நான் மோஹாவின் கையையே பார்த்தேன். அங்கிப் பைக்குள் அந்த உறையைப் பிடித்திருந்தது.

"மோஹா" என்றார் மோஹா. "என் தம்பி."

முகத்தம் பேனாவை நோட்டில் வைக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து அண்ணி இத்தோவின் அலறல் வந்தது.

"சைத்! என்னை விட்டுட்டுப் போயிட்டியே சைத்!"

பேனா நின்றது. "அந்தம்மா யாரைக் கூப்பிடுது?"

பக்கத்திலிருந்தவர் கண்ணாடி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத்தான்" என்றார் மோஹா. "புருஷன் போன வீட்டுல இனி மூத்தவன் நான்தானே? அதான் என்கிட்ட அழுவுறா."

"அப்படியா? விட்டுட்டுப் போயிட்டியேன்னுல்ல சொல்லுது?"

"அழுவுறவ கணக்காவா பேசுவா, ஐயா?"

எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்வாசலுக்குப் போனார். அண்ணி என்றே அழைத்துப் பழகிய வாய். அவர் இத்தோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை.

"இத்தோ, இந்தா இருக்கேன். சைத் இங்கதான் இருக்கேன்."

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. மோஹாவின் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் முற்றம் வரை கேட்டது. பிறகு இத்தோவின் குரல், மிகச் சன்னமாக:

"ஆமா. நீ இரு."

முகத்தம் எழுதி முடித்தார். மோஹா திரும்பி வந்து உறையை நீட்டினார். அதிகாரி ஒருமுறை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரையை ஊதிக் குத்தினார்: உயிரோடு இருக்கிறார்.

இத்தோ மறுபடி அழ ஆரம்பித்தார். துக்கம் காக்கும் நாற்பது நாளும் அழுதார், ஒருமுறைகூடப் பெயர் சொல்லாமல்.