நீலக் கயிறு கட்டிய சப்பாத்து

எங்கள் வீட்டு பேஸ்மென்றில் போன கிழமை தண்ணீர் கசிந்தது. பனி உருகுகிற காலத்தில் ஸ்காபரோவின் பழைய வீடுகளில் இது புதினமில்லை. ஆனால் என் மனைவிக்கு அது ஒரு வாய்ப்பு. "பிறகு பார்ப்பம்" என்று நான் இருபது வருடமாகக் கீழே கொண்டுபோய் வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, கராஜ் வாசலில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். சுழலாத விசிறி, ஒரு கால் இல்லாத மேசை, மகளின் முதல் சைக்கிள். வரிசையின் கடைசியில் ஒரு சோடிச் சப்பாத்து. முனையில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து. இடது காலுக்குக் கறுப்பு நாடா. வலது காலுக்கு நாடாவுக்குப் பதிலாக நீல நைலோன் கயிறு, வலைக்காரர் போடுகிற முடிச்சோடு.

"இஞ்சேருங்கோ, உந்தச் சப்பாத்தை எறியட்டோ, வைக்கட்டோ?" என்றாள்.

"கொஞ்சம் பொறும்" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கி மணந்து பார்த்தேன். பழைய சப்பாத்தை மணக்கிற புருசனைப் பார்த்துவிட்டு அவள் குப்பைப் பை எடுக்கப் போனாள். இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகு எதுதான் அதிசயம். இறப்பருக்குள் ஊறிய டீசல் மணம் இன்னும் போகவில்லை.

டீசல் என்றால் எனக்குச் சூசைதான். சூசை மன்னார்க்காரன். ஊரில் கொழும்புக்குக் கருவாட்டு லொறி ஓட்டியவன். இங்கே லொறி ஓட்டப் பழகின பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் டீசல் புகைக்கு மூக்கைப் பொத்துவோம். அவன் மட்டும், "கருவாட்டோடை மூண்டு நாள் படுத்தெழும்பினவனுக்கு இது சந்தனம் மச்சான்" என்பான். நாங்கள் இரண்டு பேரும் ரெக்ஸ்டேலில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் நின்றவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டுக் கோப்பியும் டோனட்டும் தந்தார். அப்போதே விளங்கியிருக்க வேண்டும். திங்கட்கிழமை கதவில் பூட்டு.

வேலை போனவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் லொறி லைசன்ஸ் எடுத்தார்கள். சூசை முதல் தரமே எடுத்துவிட்டான். நான் மூன்றாம் தரம். பின்னுக்கு எடுக்கும்போது எனக்கு இடது எது, வலது எது என்று குழம்பும். அதற்கு முன் நான் ஓட்டிய ஆகப் பெரிய வாகனம் கடைகளுக்குப் பாண் போடுகிற வான். ஓட்டப் பழக்கிய பஞ்சாபி மாஸ்டர் கடைசியில் என் மேல் இரங்கித்தான் சோதனைக்கு விட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

லைசன்ஸ் இருந்தது, வேலை இல்லை. ரொறன்ரோவில் எந்தக் கம்பனிக்குப் போனாலும், "இரண்டு வருட அனுபவம் இருக்கா?" என்பார்கள். மன்னார்–கொழும்பு றோட்டு அவர்களுடைய கணக்கில் வராது. அப்போதுதான் மேற்கே இருக்கிற அல்பேர்ட்டாக் கதை வந்தது. எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனாலும் ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி சொல்லுவார்: "அங்கை எண்ணெய் பீறிட்டு வருது. லைசன்ஸும் மூச்சும் இருந்தாப் போதும், பிடிச்சு ஏத்துவினம்." சொன்னவர்களில் ஒருவராவது அங்கே போய் வந்தவரில்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

என் மனைவி அப்போது ஐந்து மாதம். அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தோம். சூசைக்குக் குடும்பம் இல்லை. "எனக்கு ஒரு வயிறு. அதை எப்பிடியும் நிரப்பலாம்" என்பான். ஆனால் அவனுக்கும் ஒரு ஆசை இருந்தது. "ஸ்ரியரிங்கைப் பிடிச்சாத்தான் மச்சான் நான் மனுசன். மெசினுக்கு முன்னாலை நிண்டு நிண்டு நான் ஆரெண்டே மறந்து போச்சு." எனக்கு ஒரு வேலை வேண்டும், எதுவென்றாலும் சரி. அவனுக்கு லொறி வேண்டும். இந்த வித்தியாசத்தை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

சூசையின் பழைய காரில் புறப்பட்டோம். கண்ணாடியில் செபமாலை, பின் சீற்றில் இரண்டு போர்வை, ஒரு போத்தல் மாசிச் சம்பல். இரண்டு நாள் ஓடியும் ஒன்ராறியோ மாகாணம் முடியவில்லை. நான்காம் நாள், அல்பேர்ட்டாவின் வடக்கே அந்தச் சின்ன ஊரில் போய் இறங்கியபோது சம்பல் கல்லாக உறைந்திருந்தது. ஊரில் ஒரு அறை காலியில்லை. எண்ணெய்க்கு வந்தவர்கள் தேவாலய மண்டபத்தில்கூடப் படுத்திருந்தார்கள். நாங்கள் ஒரு கோப்பிக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி அதற்குள்ளேயே குடியிருந்தோம். படுக்கும்போது ஒரு பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைப்போம். இல்லாவிட்டால் விடியும்போது எங்கள் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேராக இருந்த காலத்தில் அதைவிடக் கேவலம் இல்லை என்று நினைத்தவன் நான்.

காலையில் கோப்பிக் கடைக் கழிப்பறையில் முகம் கழுவிவிட்டு யார்டு யார்டாக ஏறி இறங்குவோம். லொறிகள் நிற்கிற பெரிய வளவைத்தான் யார்டு என்பார்கள். வேலை தேடி வந்த எல்லோரும் ஒன்று சொன்னார்கள்: ஃபோர்மன் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். சப்பாத்து புதிதென்றால் ஆள் புதிது. என்னுடையது புறப்படுகிற அன்று வாங்கியது, மினுங்கியது. அதைச் சேற்றில் உரசி, கல்லில் தேய்த்த தேய்ப்பை என் மாமியார் பார்த்தால் அழுதிருப்பா. சூசையினது உண்மையாகவே பழசு. ஒரு நாடா அறுந்த இடத்தில் யாரோ வீசிய நீலக் கயிற்றைக் கோத்து முடிந்திருந்தான்.

ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனால் கூட்டம் என்று துரத்துவார்கள். அதனால் ஒருவர் போய் வந்த பிறகு மற்றவர். தொலைபேசி என்னிடம் மட்டும்தான் இருந்தது. இருவர் விண்ணப்பக் கடதாசியிலும் அதே இலக்கம்.

மூன்றாம் கிழமை பச்சை இரும்புக் கேற் போட்ட ஒரு யார்டுக்குப் போனோம். ஆளெடுக்கிற கந்தோரில் ஒரு வயதான பெண் இருந்தா. தரையெல்லாம் அப்போதுதான் துடைத்த ஈரம். சப்பாத்தைக் கழற்றும்படி சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் போய் வந்தவர்களின் சேற்றுக் கால்தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. நானும் அவர்கள் வழியே சேற்றோடு நடந்தேன். கழற்ற மனமில்லாமல் இல்லை. என் காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. கடதாசியை வாங்கி, நிமிராமலே "கூப்பிடுவோம்" என்றா. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

சூசை வர அரை மணித்தியாலம் ஆனது.

"என்ன இவ்வளவு நேரம்?"

"நான் வாசலிலை சப்பாத்தைக் கழட்டினன். மனுசி எழும்பி வந்து பாத்துச் சிரிச்சுது. இத்தனை வருசத்திலை கழட்டின முதல் ஆள் நான்தானாம். தேத்தண்ணி தந்தது. இந்தக் கயிறு என்ன முடிச்செண்டு கேட்டுது."

"வேலை?"

"கூப்பிடுவாவாம்."

வீட்டு வாசலில் கழற்றுவது எங்களுக்குப் பழக்கம். எந்தத் தமிழ் வீட்டுக் கொண்டாட்டத்திலும் வாசலில் ஐம்பது சோடி குவிந்து கிடக்கும். திரும்பும்போது ஒருவன் இன்னொருவனுடையதை மாட்டிக்கொண்டு போவான். அதைச் சூசை கந்தோரிலும் மறக்கவில்லை. நான் மறந்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், தொலைபேசி அடித்தது. சூசைக்குக் காய்ச்சல் குணம். பின் சீற்றில் தலையோடு போர்த்துக்கொண்டு கிடந்தான். நான் காருக்கு வெளியே நின்று எடுத்தேன். அந்தப் பெண்தான். கடதாசிகள் எல்லாம் எங்கேயோ கலந்துவிட்டன, மேசைக் கலண்டரில் இலக்கம் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன், நீதானே சப்பாத்தைக் கழற்றிய ஆள் என்று கேட்டா.

இல்லை, அது என் சிநேகிதன், இதோ கொடுக்கிறேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என் வாயில் வந்தது வேறு. "ஓம், ஓம், சப்பாத்தைக் கழற்றியது நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் கதைக்கும்போது எனக்குச் சத்தம் தானாகக் கூடிவிடும். அஜின்கோர்ட் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிற மனைவியை நினைத்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் யாரையும் நினைக்கவில்லை. பயந்து போயிருந்தேன்.

காருக்குள் ஏறினேன். போர்வைக்குள்ளிருந்து, "ஆர் மச்சான்?" என்றான்.

"அந்தப் பச்சைக் கேற் யார்டு. நாளைக்கு வரட்டாம்."

"ஆரை?"

"என்னை."

அவன் போர்வையை விலக்கினான். பிறகு எழும்பி உட்கார்ந்து, காலடியில் கிடந்த தன் சப்பாத்தை எடுத்து என் மடியில் வைத்தான்.

"உன்ரை உந்தச் சப்பாத்து சரிவராது. இதைப் போட்டுக்கொண்டு போ. அவை காலைத்தான் பாப்பினம்."

மறுநாள் அந்தப் பெண் என் முகத்தைத் தேவைக்கு அதிகமாகப் பார்த்தா. பிறகு அவவின் கண் கீழே போனது. நான் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தில் நீலக் கயிறு. "ஓ, நீதான்" என்று சிரித்தா. ஃபோர்மன் பக்கத்தில் ஏறி வளவைச் சுற்றி ஒரு வட்டம் ஓட வைத்தான். பின்னுக்கு எடுக்கச் சொல்லவில்லை, கடவுள் இருக்கிறார். கிணறுகளிலிருந்து எண்ணெயோடு வருகிற உப்புத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற தாங்கி லொறி. வேலையோடு படுக்க ஒரு கட்டிலும் தந்தார்கள்.

"உள்ளுக்கை போய்க் கதைச்சு உன்னையும் எடுப்பிக்கிறன்" என்று சூசைக்குச் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, சொல்லும்போது. ஆனால் அவன் வந்தால் அந்தப் பெண்ணுக்கு முகம் ஞாபகம் வந்துவிடும். அங்கே ஆளெடுத்துக்கொண்டே இருந்தார்கள். தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா என்று ஃபோர்மன் இரண்டு தரம் கேட்டான். இல்லை என்றேன். சப்பாத்துக்காக நான் சொன்ன பொய்யைவிட இந்த "இல்லை"தான் என்னை இன்றைக்கும் தின்கிறது.

சூசை இன்னும் ஒரு கிழமை பார்த்தான். பிறகு குளிரில் கார் காலையில் ஸ்ராட் ஆகாமல் விட்டது. யாரோ பற்றரி கொடுத்து உதவ, என்னுடைய மினுங்கல் சப்பாத்தோடு ரொறன்ரோவுக்குத் திரும்பி ஓடினான். நான் அங்கே நான்கு பனிக்காலம் இருந்தேன். மகள் பிறந்ததைத் தொலைபேசியில்தான் கேட்டேன். லொறிக்குள் இருந்து களைத்த களைப்பு இன்னும் என் நாரி எலும்பில் இருக்கிறது. சூசை ரெக்ஸ்டேலில் ஒரு இறைச்சிக் குளிரறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கிடந்து ஓய்வு பெற்றான். பிறகு ஒரு நாளும் லொறி ஓட்டவில்லை. கொண்டாட்டங்களில் என் தோளில் கை போட்டு, "இவன் எண்ணெய் ஊரிலை லொறி ஓட்டினவன், லேசுப்பட்ட ஆளில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவான். நான் ரோல்ஸ் எடுக்கிற சாட்டில் எழும்பிப் போவேன்.

இந்த மாரியில் சூசை போய்விட்டான். மாரடைப்பு. கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், அந்தத் தொலைபேசி வந்தபோதும் காரின் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் கத்திய ஆங்கிலம் அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுத்தான், அந்தப் பெண் கயிற்றைத் தேடுவா என்று தெரிந்துதான், சப்பாத்தைத் தந்தானா? அல்லது காய்ச்சலில் ஒன்றும் கேட்காமல், சிநேகிதனுக்கு நல்ல சப்பாத்து வேண்டும் என்று மட்டும் தந்தானா? இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

அந்த யார்டு இப்போது இல்லை. எண்ணெய் விலை விழுந்ததும் பச்சைக் கேற்றைக் கழற்றி விற்றுவிட்டார்களாம். அங்கே இப்போது புல் நிற்கிறது என்று பிறகு போன ஒருவர் சொன்னார். மனைவியின் தங்கை மகன் மறுபடி அல்பேர்ட்டா என்கிறான். கட்டிலில் படுத்தபடி கைத்தொலைபேசியில் விண்ணப்பிக்கிறான். பெயர், படம், லைசன்ஸ் எல்லாம் கேட்கிறது. யாரும் யாருடைய காலையும் பார்ப்பதில்லை. ஒருவன் மற்றவனுடைய வேலையை "ஓம்" என்ற ஒரு சொல்லால் எடுக்கவும் முடியாது. நல்லதுதான்.

"சொல்லுங்கோவன். உங்கடை சப்பாத்தை எறியட்டோ?" மனைவி குப்பைப் பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"என்ரை இல்லை. சூசையின்ரை."

அவள் பையைத் தாழ்த்தினாள். இருபது வருடமாக என்னுடையது என்று துடைத்து வைத்தவள். சப்பாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அந்த மனுசன் இருக்கேக்கை குடுத்திருக்கலாமே" என்றாள்.